பேஸ் வீட்டு அண்ணனுக்கு மெட்டு வராது

என் அண்ணனைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் பூட்டுக் கடைக்காரர் என்பார்கள், அடுத்த மூச்சில் பேஸ் வீடு என்பார்கள். எங்கள் சபையில் ஒருவரை அடையாளம் சொல்லத் தொழிலும் அப்பா பெயரும் போதாது. எந்தக் குரல் என்றும் சொல்லியாக வேண்டும். பழைய லுத்தரன் ஆலயம் அது. கட்டியவர்கள் கல்லோடும் சுண்ணாம்போடும் நான்கு குரல் பாட்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உச்சத்தில் சொப்ரானோ, அதற்குக் கீழே ஆல்டோ, டெனர், அடியில் பேஸ் என்று பாடகர் குழுவுக்கு நான்கு பெஞ்சு. பெண் பார்க்கப் போனால்கூட "பொண்ணு ஆல்டோவாம், நல்ல குடும்பம்" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். சிரிக்காதீர்கள், என்னை அப்படித்தான் கட்டிக்கொடுத்தார்கள்.

கட்டிக்கொடுத்தது அண்ணன்தான். அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த வருஷங்களில் கடையையும் அவரையும் ஒரே ஆளாகப் பார்த்துக்கொண்டு, எனக்கு நகை நட்டு சேர்த்து, மாப்பிள்ளை பார்த்து முடித்தார். அதற்குள் அவருக்கு முன்நெற்றி ஏறிவிட்டது. "எனக்கென்ன அவசரம்" என்று ஆரம்பித்தவர், பிறகு அந்தப் பேச்சை எடுத்தாலே சுத்தியலை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவார். 

அவருக்கு ஆசை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கடைக்கு எதிர்வரிசையில் மருந்துக்கடை. அதை நடத்துகிற அம்மாவுக்குப் புருஷன் இறந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. சொப்ரானோ பெஞ்சில் ஓரத்தில் உட்காருவார், நல்ல கணீர் குரல். அந்த மருந்துக்கடை ஷட்டர் பூட்டை என் அண்ணன் எத்தனை தடவை கழற்றி எண்ணெய் போட்டார் என்பதற்குக் கணக்கே இல்லை. அந்தப் பூட்டுக்கு ஒரு கோளாறும் கிடையாது. அது அண்ணனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அந்த அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் எண்ணெய் போட்டு முடித்ததும் "பாத்துத் திறங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

எங்கள் ஆலயத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதன்முதலில் கட்டி முடித்தபோது பாட்டுக்கு வாசிக்கிற குழாய் ஆர்கன் வந்து சேரவில்லை, கப்பலில் இருந்தது. அன்றைக்கு யாரோ ஒரு கொத்தனார் தனியாக எழுந்து நின்று ஞானப்பாட்டை ஆரம்பித்தாராம், மற்றவர்கள் இரண்டாவது சரணத்தில் சேர்ந்துகொண்டார்களாம். ஆர்கன் பிறகு வந்தது, வந்த ஜோரில் பாதிக் குழாய் நசுங்கியிருந்தது. யுத்த காலத்தில் உலோகம் பிடுங்க வந்தவர்களுக்குப் பயந்து ஆளுக்கொரு குழாயாக வீட்டுக்கு எடுத்துப் போய் ஒளித்துவைத்தார்கள். யுத்தம் முடிந்து எல்லாம் திரும்பி வந்தபோது ஒரு குழாயை மட்டும் காணோம். தேடினால் ஒரு டெனர் வீட்டில் அதில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய ஆர்கனை வருஷத்தில் ஒரு தடவை மூடிவைப்போம். ஆலயம் திறந்த பிரதிஷ்டை நாளில், அந்தக் கொத்தனார் நினைவாக, சபையார் ஒருவர் முதல் சரணத்தைத் தனியாகப் பாட வேண்டும். யார் என்பதை ஒரு மாதம் முன்னதாகவே சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பார்ப்போம்.

நான் சொல்ல வந்த வருஷம் குலுக்கலில் அண்ணன் பெயர் வந்தது. எல்லோரும் கையைக் குலுக்கினார்கள். எனக்குக் கல்யாணமான பிறகும் அவருக்குச் சாப்பாடு என் வீட்டில்தான்; அன்று வந்த மனிதர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எனக்கு மெட்டு வராதும்மா" என்றார்.

முதலில் எனக்கு விளங்கவில்லை. நினைவு தெரிந்த நாளாகப் பாடுகிற ஆள் இப்படிச் சொன்னால் யாருக்கு விளங்கும்? பிறகுதான் உறைத்தது. எங்கள் சபைப் பள்ளிக்கூடத்தில் குரலைச் சோதித்துப் பிரித்துத் தனித்தனி அறையில் போட்டுவிடுவார்கள். அவரவர் குரலுக்கான வரியைத்தான் அவரவர் மனப்பாடம் செய்ய வேண்டும். மெட்டு சொப்ரானோவுக்கு. பேஸ் கீழே நின்று தாங்குகிற வரி, அதைத் தனியாகக் கேட்டால் என்ன பாட்டென்று பெற்ற தாய்க்கும் தெரியாது. அண்ணனுக்கு மெட்டு காதில் இருக்கிறது, வாயில் இல்லை. பாடச் சொன்னேன். ஆரம்பம் ஒழுங்காக வந்தது, இரண்டாவது அடியில் தடுமாறிக் கீழே இறங்கிப் பேஸுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நான் சொல்லித்தரலாம் என்று வாயைத் திறந்தால் எனக்கு ஆல்டோ வருகிறது. வீடா இது!

சீட்டை மாற்றிக்கொள்ளலாமே என்றேன். முடியாதென்று தலையை ஆட்டினார். பயம் சபையைப் பற்றி இல்லை, சொப்ரானோ பெஞ்சைப் பற்றி. பாட்டு தப்பினாலும் சரி, பின்வாங்கினாலும் சரி, அந்த அம்மா முன்னால் கேவலப்பட்டால் அதற்குமேல் அந்தப் பூட்டைத் தொடும் தைரியம்கூடத் தனக்கு இருக்காது என்று அவர் வாயாலேயே சொன்னார். இத்தனை வருஷத்தில் இப்போதுதான் சொன்னார். எனக்கு ஒரு பக்கம் பாவமாக இருந்தது, ஒரு பக்கம் குதிக்கலாம் போல இருந்தது. மறுநாள் காலையிலேயே தலைவலி மாத்திரை வாங்குகிற சாக்கில் மருந்துக்கடைக்குப் போனேன். அண்ணனுக்கு மெட்டு சொல்லித்தர ஆள் வேண்டும் என்று போட்டு உடைத்துவிட்டு வந்தேன்.

அந்த அம்மா அன்றைக்கே மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுப் பூட்டுக் கடைக்கு வந்துவிட்டார். பிறகு தினமும் வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு அடி பாடுவார், அண்ணன் சாவியை அரத்தில் தேய்த்துக்கொண்டே திருப்பிப் பாடுவார். தப்பாகப் போனால் அந்த அம்மா கவுண்டரை விரலால் தட்டுவார். சாவி வெட்ட வந்தவர்கள் வேலை முடிந்தும் நின்று கேட்டார்கள். தெருவுக்கே மெட்டு பாடமாகிவிட்டது, அண்ணனுக்கு மட்டும் அந்த இரண்டாவது அடி இடித்துக்கொண்டே இருந்தது. அந்த ஒரு மாதத்தில் அவர் வெட்டிய சாவிகளில் பாதி திரும்பி வந்தன என்று என் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கடைசி வாரத்தில் மெட்டு முழுசாக வந்துவிட்டது. ஆனால் அவர் கேட்க வேண்டியதைக் கேட்டாரா? இல்லை. பாட்டு முதலில் முடியட்டும் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அன்று சாப்பாடு போடாமல் விட்டிருக்க வேண்டும்.

பிரதிஷ்டை நாள் வந்தது. ஆலயம் நிரம்பி வாசல் வரை ஆட்கள். ஆர்கன் மூடியிருந்தது. போதகர் தலையசைத்ததும் அண்ணன் எழுந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, காலர் பட்டன் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. முதல் அடியை நன்றாகவே பாடினார். நான் பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது அடிக்கு மூச்சை இழுத்தார், வாயைத் திறந்தார், பேஸ் வந்துவிட்டது.

நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத் தெரிந்தால் அவர் என் அண்ணன் இல்லை. மூன்றாவது அடியும் பேஸிலேயே போனது. முன்வரிசையில் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அண்ணனுக்குக் காது வரை சிவந்துவிட்டது. எழுந்து வெளியே ஓடிவிடலாமா என்று நானே நினைத்தேன்.

அப்போது சொப்ரானோ பெஞ்சின் ஓரத்திலிருந்து மெட்டு எழுந்தது. மருந்துக்கடை அம்மா நின்றுகொண்டிருந்தார். முதல் சரணத்தில் இன்னொருவர் வாய் திறப்பது எங்கள் ஆலயத்தில் நான் அறிந்து நடந்ததே இல்லை. அவர் யாரையும் பார்க்காமல் பாடினார். இவர் கீழே தாங்கினார், அவர் மேலே போனார். சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். நிறைய பேர் இருக்கிற அந்தக் கூடத்தில் இரண்டே குரல் கேட்டது, அது போதுமானதாகவும் இருந்தது. இரண்டாவது சரணத்தில் கூட்டம் முழுக்கச் சேர்ந்துகொண்டது.

ஆராதனை முடிந்து வாசலுக்கு வந்தால் சபைச் செயலாளர் வழிமறித்து நிற்கிறார். எதற்கெடுத்தாலும் விதி பேசுகிறவர், அவருக்குச் 'சட்டம்' என்றே பெயர். அண்ணனை விட்டுவிட்டு அந்த அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"ஒருத்தர்தான் ஆரம்பிக்கணும், அதானே வழக்கம்? நடுவுல நீங்க யாரு? புருஷன் பொண்டாட்டியா இருந்தாக்கூட ஒரே வீடுன்னு விட்டுடலாம்" என்றார்.

அந்த அம்மா பாட்டுப் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்.

"அப்ப ஒரே வீடுன்னே வெச்சுக்குங்க சார்."

சட்டம் வழியை விட்டு ஒதுங்கினார். அந்த அம்மா அண்ணன் பக்கம் திரும்பினார். அதுவரை நிமிர்ந்திருந்த குரல் கொஞ்சம் இறங்கியது.

"நான் சொன்னது சரிதானே? நீங்களா கேப்பீங்கன்னு பாத்தேன். பூட்டுக்கு எண்ணெய் போட்டே கெழவனாயிடுவீங்க போலிருக்கு."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இதையும் நானே சொல்லிக்கொடுக்க முடியுமா?

"சரிங்க" என்றார் அண்ணன். வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி அதற்குமுன் நான் கேட்டதே இல்லை. சுற்றிலும் ஆட்கள் இருக்கிறார்களே என்ற வெட்கம்கூட இல்லாமல் நான் அங்கேயே நின்று அழுதேன்.