மூக்கில்லாத பேரரசரும் மூன்று புகார்களும்

பழைய காசு விற்கிறவனுக்கு எதிரி போலிக் காசு அல்ல, காசை வாங்கினவர்தான். ராத்திரி ஷிப்டில் ஹெட்போன் மாட்டிக்கொள்ளும் சகஜீவிகளே, உங்களுக்குச் சொன்னால் புரியும். பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டி கால் சென்டரில், ஒரு வெளிநாட்டு நாணயக் கடைக்கு வரும் தமிழ் அழைப்புகளை எடுப்பவன் நான். பகலில் தூக்கம் வராமல் ரோமப் பேரரசர்களை நானே படித்துக்கொண்டேன். இப்போது மனிதர்களைவிட அவர்களோடுதான் பழக்கம் அதிகம். டீம் லீடர் மேகலா முதலிலேயே எச்சரித்திருந்தாள்: மூன்று புகார் வந்தால் என்னை ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள்.

புளி போட்ட பேரரசர்

டொராண்டோவிலிருந்து ஓர் அம்மா. பச்சை படிந்த வெண்கலக் காசைக் குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். “மூக்கே இல்லாத ராஜாவை அனுப்பிட்டீங்க” என்றார்.

“அனுப்பும்போது இருந்தது மேடம், சிங்க்கில் பாருங்கள்” என்றேன். வாய் சும்மா இருந்தால்தானே? முதல் புகார். போனை வைக்கும் முன் சொன்னார்: “இத்தனை காலம் தாங்கினவரு எலுமிச்சங்காய் அளவு புளிக்குத் தாங்கலைன்னா, என்ன ராஜா அவரு?”

கைகோத்த தம்பதி

சிங்கப்பூர்க்காரர் ஒருவர், கல்யாண நாளுக்காக ஒரு வெள்ளிக்காசைத் தேர்ந்தெடுத்திருந்தார். பேரரசர் கராகல்லாவும் ராணியும் கைகோத்து நிற்பார்கள். சுற்றிலும் ‘என்றென்றும் ஒற்றுமை’ என்று லத்தீனில் இருக்கும். “கடைசிவரை இப்படியே இருந்தாங்களா சார்?”

ஆமாம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். “இல்லை சார், ராணியைத் தீவுக்கு நாடு கடத்தி, அப்புறம் கொல்லவும் சொல்லிவிட்டார்” என்றேன். இரண்டாம் புகார் கணவருடையது. ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மனைவிக்கோ வேறு கவலை: “அண்ணா, அது எந்தத் தீவு? இவர் நேத்துதான் எனக்கு மட்டும் பாலிக்கு டிக்கெட் போட்டாரு!”

தலையைச் சுற்றிக் கதிர்

உள்ளூரிலேயே, காக்ஸ் டவுனில் இருக்கும் ஸ்டெல்லா டீச்சர் ரிட்டயர் ஆனவர். அவருக்கும் தூக்கம் வராது. முதல் கிறிஸ்தவப் பேரரசர் கான்ஸ்டன்டைனின் காசு ஒன்றை வாங்கி மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். “பின்பக்கம் நம்ம ஆண்டவர்தானே தம்பி? தலையைச் சுத்திக் கதிர் இருக்கே.”

கண்முன்னே ஃப்ரிட்ஜ்கள் வரிசையாக நின்றன. “அது சூரிய தேவன், டீச்சர். சிலுவைப் பக்கம் சாய்ந்த பிறகும் ராஜா கொஞ்ச காலம் இந்தப் படத்தை விடவில்லை.”

முடிந்தது கதை என்று கண்ணை மூடிக்கொண்டேன். “இருக்கட்டும் தம்பி. ஒரே ராத்திரியில மாறுறவனை நான் நம்பமாட்டேன். எங்க வீட்டுக்காரர் பிராந்தியை விட எத்தனை தவக்காலம் ஆச்சு தெரியுமா?”

மேலே போன கதை

டீச்சர் புகார் எழுதவில்லை. ‘பொய் சொல்லத் தெரியாத மனுஷன்’ என்று பாராட்டி எழுதிவிட்டார். அதை மேலிடம் படித்துவிட்டது. மேகலா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “அண்ணா, ஃப்ரிட்ஜ் வாங்கினவங்ககிட்ட உண்மையைப் பேச ஒரு ஆள் வேணுமாம். நாளையிலிருந்து நீங்க நாலாவது மாடி.”

ஒரு பேரரசரைத் தெய்வமாக்கி, கழுகின் முதுகில் ஏற்றி மேலே அனுப்புவதாகக் காசு அடிக்க ரோமில் அவர் செத்திருக்க வேண்டும். எங்கள் கம்பெனியில் ஒரு பாராட்டே போதும்.