அம்மா கேட்ட பச்சைத் தண்ணீர்

அம்மா பனமரத்துப்பட்டி ஏரிக்கு மேற்கே ஒரு தோட்டத்தில் பிறந்தார். வாழ்க்கைப்பட்டது ராசிபுரத்துக்குத் தெற்கே, எங்கள் ஊரில். எனக்குப் பதினோரு வயதானபோது அப்பா காலமானார். அதன்பின் எருமை வைத்து, நெய் உருக்கி ராசிபுரத்தில் விற்று, என்னைக் கல்லூரி வரை படிக்க வைத்தார் அம்மா. தங்கை சரசு ஐந்தாம் வகுப்போடு நின்று அவருக்குத் துணையானாள். கிணறு அடிமட்டத்துக்குப் போன கோடைகளிலும், குடத்தோடு வந்தவர்களை அம்மா வெறுங்குடத்தோடு அனுப்பியதில்லை. இவை உறவினர்கள் அறிந்தவை. அறியாத ஒன்றை எழுதவே அம்மாவின் நினைவு மலரில் இந்தப் பக்கங்களைக் கேட்டு வாங்கினேன்.

சென்ற ஆண்டு அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் செயலிழந்தது, பேச்சு குழறியது, விழுங்கச் சிரமப்பட்டார். நாமக்கல்லில் என் வீட்டுக்கு அழைத்து வந்த அன்று மருத்துவர் சொன்னார்: "தண்ணி மாதிரி எதுவும் வேண்டாங்க. பொறையேறி நுரையீரலுக்குப் போயிரும். கூழ் பதத்துலயே குடுங்க. ஒரு மாசத்துல கூட்டிட்டு வாங்க, பார்த்துட்டு மாத்திக்கலாம்."

முதல் பாதியை அட்டையில் எழுதிக் கட்டிலுக்கு மேலே ஒட்டினேன். இரண்டாம் பாதியை எழுதவில்லை.

"ஒரு முழுங்கு பச்சத்தண்ணி குடு சாமி" என்று அம்மா தினமும் கேட்டார். மாவு கலந்து கெட்டியாக்கிக் கொடுப்பேன். "இது தண்ணியில்ல சாமி" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். உதடுகள் வெடித்தன. மாதம் முடிந்தது. புரையேறவில்லை, காய்ச்சல் இல்லை, என் முறை சரியாகவே நடக்கிறது என்று மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போட்டேன். இன்னொரு மாதமும் போயிற்று.

ஒரு ஞாயிறு மதியம் உறவினர் சிலர் பார்க்க வந்திருந்தார்கள். நான் மருந்து வாங்கித் திரும்பியபோது, சரசு அம்மாவை நிமிர்த்தி உட்காரவைத்துக் கரண்டியில் தண்ணீர் ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் கையைத் தட்டிவிட்டேன்.

"பொறை ஏறலீங்ணா. ஒருக்கா நின்னு பாருங்க."

"அஞ்சாவது படிச்சவ எனக்குச் சொல்றியா? அம்மாவைக் கொல்றதுக்குன்னே பஸ் ஏறி வந்தியா?"

தாடையில் வழிந்த தண்ணீரை அம்மா நாக்கால் தேடினார். சரசு தரையைத் துடைத்தாள். "போயிட்டு வாரனுங்ணா" என்று கிளம்பினாள். அம்மா இருந்தவரை பிறகு வரவில்லை.

அன்று மாலை வரை வெப்பமானியோடு அம்மாவின் அருகே உட்கார்ந்திருந்தேன். மூச்சு இரைகிறதா என்று காது கொடுத்துக் கேட்டேன். காய்ச்சல் வந்தால் நான் சொன்னதே சரி என்று எல்லோருக்கும் தெரியும் என ஓர் எண்ணம் வந்தது. அம்மாவின் நெற்றியில் கை வைத்துக்கொண்டு இதை நினைத்தேன். காய்ச்சல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் அம்மாவின் தொண்டையில் விரல் வைத்தபடி, கரண்டி கரண்டியாகத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார். "நல்லா முழுங்கறாங்களே. சொன்னப்பவே வந்திருந்தா அப்பவே ஆரம்பிச்சிருக்கலாங்க" என்றார்.

அதன்பின் அம்மா பத்தொன்பது நாள் இருந்தார். அந்த நாள்களில் கேட்டபோதெல்லாம் தண்ணீர் குடித்தார். இரண்டாம் முறை வந்த பக்கவாதம் அவரைக் கொண்டுபோயிற்று. இடையில், "சரசு வல்லியா சாமி?" என்று கேட்டபோது, அவளுக்கு வேலை இருக்கிறது என்றேன். மருத்துவர் சொன்னதை ஒருவரிடமும் சொல்லவில்லை. துக்க வீட்டில் சிலர், "நல்லவேளை, அன்னிக்கு நீங்க தடுத்தீங்க" என்றார்கள். சரசு கேட்டுக்கொண்டிருந்தாள். நான் தலையசைத்தேன்.

அம்மாவைப் படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்த பக்கத்து வீட்டுத் தம்பதியருக்கும், மருத்துவருக்கும், செவிலியருக்கும், இறுதிக் காரியங்களில் உடனிருந்த அனைவருக்கும் எங்கள் நன்றி.

அச்சுக்குக் கொடுக்குமுன் ராசிபுரம் சென்று இதைச் சரசுவிடம் வாசித்துக் காட்டினேன்.

"அன்னிக்கு அம்மா எத்தன கரண்டி குடிச்சாங்கன்னு இன்னிவரைக்கும் நீங்க கேக்கலீங்ணா."

"எத்தன அம்மிணி?"

"ஏழு. எட்டாவதுக்கு வாயத் தொறந்திருந்தாங்க."

அதையும் எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். அந்த ஏழு கரண்டிக்கு என் தங்கைக்கு நன்றி.