கேக்கில் ஊறிய வைன்

சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லாத ஒரு பொய்யை இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் புலம்பெயர்ந்து குடியேறிய மல்வேர்னில் எங்கள் பக்கத்து வீட்டு மரியா போர்த்துக்கல் நாட்டவர். அங்கே அவருடைய குடும்பம் திராட்சைத் தோட்டம் வைத்து, அந்தப் பகுதிக்கே உரிய சிவப்பு வைன் செய்கிறது. போன வருடம் ஊருக்குப் போய் வந்தவர், உடுப்புக்குள் சுற்றிக் கொண்டுவந்த ஒரு போத்தலை எனக்குத் தந்தார்.

"சாகிறதுக்கு முதல் என் அப்பா செய்த கடைசி வைன். குடித்துவிட்டுச் சொல்லுங்கள்."

என் கணவர் போத்தலைத் திருப்பிப் பார்த்தார். "உந்த வைனை ஆர் குடிக்கிறது? எனக்கு விஸ்கியே காணும்."

நத்தார்ப் பண்டிகைக் கேக்குக்கான முந்திரிகை வற்றலை, உலர்ந்த திராட்சையை, அந்த வைனில் ஊறப்போட்டேன். முழுப் போத்தலும் முடிந்தது.

கேக்கில் ஒரு துண்டை மரியாவுக்கே கொண்டுபோனேன். கடித்தபடி, "வைன் எப்படி?" என்றார்.

"எல்லாரும் விரும்பிக் குடித்தோம்," என்றேன், கொஞ்சமும் கூசாமல்.

அவருடைய வாய் அசையாமல் நின்றது. பிறகு கண்ணை மூடி, மிக மெதுவாக மென்று விழுங்கினார். "நல்ல கேக்," என்றார்.

இந்த வருடம் மரியா ஊரிலிருந்து தன் அண்ணன் செய்த வைனில் இரண்டு போத்தல்கள் கொண்டுவந்தார்.

"இது கேக்குக்கு," என்று ஒன்றைத் தந்தார். "இது குடிக்க."

திட்டியிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன். இரண்டையும் குனிந்த தலையோடு வாங்கிக்கொண்டேன்.