முதுகுக்குப் பின்னால் இடமுள்ள படகு

பொங்கல் முடிந்த அடுத்த சனிக்கிழமை எஹலியகொடையிலிருந்து பலாங்கொடைக்குப் போய் ஒரு மீன்பிடிப் படகு பார்த்து வந்தேன். எனக்கில்லை, தம்பி செல்வத்துக்கு. தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவளுக்குப் படகைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். "நீங்க பக்கத்துல நின்னா போதும் அக்கா" என்றான். கிளம்பிவிட்டேன்.

விஷயம் இதுதான். தம்பியும் அவன் மனைவி புஷ்பமும் பலாங்கொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. மற்ற நாட்களில் தம்பி சமனலவெவ நீர்த்தேக்கத்தில் அடுத்தவர் படகில் போய் மீன் பிடிக்கிறான். சொந்தப் படகு வாங்கினாலும், துணைக்கு வெளியாளை ஏற்றினால் மீனில் பாதி அவருக்குப் போய்விடும். புஷ்பம் கூடப் போனால்தான் வீடு ஓடும். அது சரிவராவிட்டால் அவள் மறுபடி குவைத்துக்கு வேலைக்குப் போவதென்று முடிவு. முன்பு இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தபோது, சின்ன மகள் அவளை யாரென்று தெரியாமல் பக்கத்து வீட்டுக் காம்பராவுக்குள் ஓடி ஒளிந்துகொண்டாள். அன்று புஷ்பம் அழுததை என்னால் மறக்க முடியவில்லை.

காலை ஆறரைக்கு பஸ். இரத்தினபுரி வரை நின்றுகொண்டே போனேன், இடுப்பு விட்டுப்போயிற்று. எழுபது கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம்! பெல்மதுளை தாண்டி ரப்பர் மரங்கள் குறைந்து தேயிலை தொடங்கும்போதெல்லாம் எனக்குப் பிறந்த தோட்டத்தின் ஞாபகம் வந்துவிடும். சின்ன வயதில் குழாய்ப் பீலித் தண்ணீர் ஓடும் கானில், அந்தச் சின்ன வாய்க்காலில், தம்பி பாக்கு மட்டையை மிதக்கவிட்டு, "அக்கா, ஏறுங்க, கொழும்புக்குப் போறோம்" என்பான். நானும் பாவாடையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் ஓடுவேன். அந்த நாட்கள் திரும்பி வராதா என்று இப்போதும் மனம் அடித்துக்கொள்கிறது. சொல்ல எனக்கென்ன வெட்கம்?

பலாங்கொடை பஸ் நிலையத்தில் இருவரும் காத்திருந்தார்கள். அங்கிருந்து நீர்த்தேக்கத்துக்கு ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். போகவர, அங்கே காத்திருக்க என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பேசிவிட்டு ஆட்டோவில் ஏறுங்கள்.

கரையில் நிஸார் நானா நின்றார். பலாங்கொடையில் வலைக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன். அவரிடம் இரண்டு பழைய ஃபைபர் படகுகள் விற்பனைக்கு. ஒன்றில் நடுவே மூடி போட்ட பெட்டிகள், குறுக்குப் பலகைகள், மேலே தகரக் கூரை. மற்றது பதினெட்டு அடி, முன்னால் ஒரு பலகை, பின்னால் ஒரு பலகை, நடுவில் ஒன்றுமே கிடையாது.

தம்பி கூரைப் படகைப் பார்த்த பார்வையிலேயே விழுந்துவிட்டான். "பாருங்க அக்கா, சாமான் வைக்கப் பெட்டி, மழைக்குக் கூரை. சொந்தமா ஒரு காம்பரா மாதிரி!" ஒழுகும் லயத்து வீட்டில் வளர்ந்தவனுக்குக் கூரையைக் கண்டால் போதும்.

முதல் நாள் மாலை தான் போட்டிருந்த வலையைத் தூக்க நானா எங்களைக் கூரைப் படகில் ஏற்றினார். தம்பி துடுப்பு போட, புஷ்பம் வலையை இழுத்தாள். முதல் திலாப்பியாவை வலையிலிருந்து உருவியவள், திரும்பிப் பாராமல் தோளுக்கு மேலாக வீசினாள். அது கூரைக் கம்பியில் பட்டுத் தண்ணீரில் விழுந்தது. அடுத்தது பெட்டி மூடியில் வழுக்கி அதே வழியே போனது.

"ஐயோ தங்கச்சி, என்ட மீன்!" என்று நானா அலறினார்.

"கைப்பழக்கங்க" என்று புஷ்பம் முகத்தை மூடிக்கொண்டாள். பதினைந்து வருடம் கொழுந்தைக் கிள்ளி முதுகுக் கூடைக்குள் வீசிய கை அது. என் அம்மாவும் அப்படித்தான் வீசுவாள். வீட்டில் தேங்காய்ச் சிரட்டையைக்கூடத் தோளுக்கு மேலாகத்தான் எறிவாள். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

தம்பி மட்டும் சிரிக்கவில்லை. "இவளுக்கு இது சரிவராது அக்கா. அவ குவைத்துக்கே போகட்டும்" என்றான். புஷ்பத்தின் முகம் வெளுத்துப்போயிற்று.

எனக்கு வந்ததே கோபம்! "வாயை மூடுடா. அந்த வெறும் படகுல ஏத்திப் பாரு" என்றேன்.

ஏற்றிப் பார்த்தோம். புஷ்பம் முன்பக்கம் நின்றாள். மலைச்சரிவில் நின்று பழகிய கால், படகு ஆடினாலும் அசையவில்லை. மீதி வலையை இழுத்து, இரண்டு கையாலும் மீனை உருவி உருவிப் பின்னால் வீசினாள். அத்தனையும் நடுவில் திறந்து கிடந்த தளத்தில் விழுந்து துள்ளின. தம்பி துடுப்பை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"தங்கச்சிக்கு நல்ல கை இரிக்கி" என்றார் நானா.

"எனக்குக் கூரையெல்லாம் வேணாங்க" என்றாள் புஷ்பம். "முதுகுக்குப் பின்னால இடம் இருந்தா போதும்."

"அப்ப இதையே எடுப்போம்" என்றான் தம்பி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

படகு வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. முதலில் அந்த நீர்த்தேக்கத்து மீனவர் சங்கத்தில் அனுமதி கேளுங்கள். கூரையையும் பெயின்டையும் பார்த்து மயங்காதீர்கள். தளத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மிதவை அங்கி இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள். எங்களிடம் அன்று இருக்கவில்லை, அது பெரிய மடத்தனம். முக்கியமாக, அதில் வேலை செய்யப்போகிற ஆளையே ஏற்றி வலையை இழுக்கவிட்டுப் பாருங்கள்.

போன ஞாயிறு தம்பி வீட்டுக்குப் போன் எடுத்தேன். சின்ன மகள்தான் பேசினாள்.

"அம்மா வெளிய மீன் கழுவுறாங்க அத்தை. கூப்பிடவா?"

வேண்டாம் என்றேன். கூப்பிட்ட குரலுக்கு வந்துவிடும் தூரத்தில் அவள் இருக்கிறாளே, அது போதும்.