பன்னிரண்டு பாகத்து நாடு

இதை வாசிக்கும் உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். ஆனால் என் தரப்புச் சாட்சியாக அல்ல. கல்லூரி மேடைகளில் எதிரணியின் வாயை அடைத்தே பழகியவன் நான். தோற்ற வழக்குகள் குறைவு; அவற்றை நினைவில் வைத்துக்கொள்ளும் வழக்கமும் எனக்கில்லை. மறக்க முடியாமல் கிடப்பது, வென்ற வழக்கு ஒன்று. ஒன்பது வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சீலா மீன் குழம்புச் சாப்பாடு முடிந்த கையோடு எங்கள் வீட்டுக் கூடத்தில் வென்றது. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். தீர்ப்பை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்குக்குரிய நாடு, தூத்துக்குடிக்குக் கிழக்கே, ஒரு காலத்தில் முத்துச்சிப்பி விளைந்த கடலடிப் பார்களுக்கும் அப்பால், பன்னிரண்டு பாகம் ஆழத்தில் இருந்தது. இரு கைகளையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம். கடலில் இறங்குகிறவர்களின் கணக்கு அது. முத்துக் குளிக்கப் போய், மேலே வர மனமில்லாமல் தங்கிவிட்டவர்களின் சந்ததி அங்கே வாழ்ந்தது. மழை இல்லாததால் வீடுகளுக்குக் கூரை இல்லை. பொய் சொன்னால் வாயிலிருந்து குமிழி கிளம்பிக் காட்டிக்கொடுத்துவிடும். ஆதலால் வக்கீல்களும் இல்லை. இந்த நாட்டைக் கண்டுபிடித்தவள் என் அக்கா. அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. இருநூறு பக்க நோட்டு ஒன்றில் அதை எழுதி, பள்ளி விட்டு வந்ததும் எனக்கு வாசித்துக் காட்டுவாள்.

அங்கே ஒருத்தி இருந்தாள். ‘இங்கிருந்து போனவள்’ என்பதைத் தவிர நோட்டில் அவளுக்கு வேறு பெயர் இல்லை. இடது மணிக்கட்டில் ஆப்பச்சட்டி சுட்ட தழும்பு. அக்கா போகும்போதெல்லாம் தலை பின்னிவிட்டபடி, “ஏளா, சின்னவன் சாப்ட்டானா?” என்று கேட்பாள். அன்று நான் தின்றதையும் தின்னாமல் ஒதுக்கியதையும் அக்கா ஒப்பிப்பாள்.

எங்கள் அம்மா நோயில் இறந்தபோது எனக்கு ஒன்றரை வயது. கூடத்துச் சுவரில் மாலையோடு தொங்கிய படத்தில் அம்மா மார்பளவுதான். மணிக்கட்டு அதில் விழவில்லை. உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. எனக்கு அவள் அந்த நாட்டுக்காரி, என்னை விசாரிக்கிறவள், அதனால் எனக்குப் பிடித்தவள்.

வழக்கைக் கிளப்பியவனும் நானே. புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும் பிள்ளைகளுக்கான வகுப்பில், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு எங்களைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். பன்னிரண்டு பாகத்தில் இருப்பவர்கள் பாவம் செய்தால் எந்தக் கோவிலுக்கு வந்து சொல்ல வேண்டும் என்று எழுந்து நின்று கேட்டேன். பூசை முடிந்ததும் மறைக்கல்வி ஆசிரியை இதை என் அத்தையின் காதில் போட்டார். அத்தை அப்பாவின் மூத்த சகோதரி. அம்மா போன பிறகு எங்களை வளர்க்க வந்து, வளர்ப்பதிலேயே வயதாகிக்கொண்டிருந்தவள். நோட்டைத் தேடி எடுத்து, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, இரண்டு நாள் வாசித்தாள்.

“இல்லாதத இருக்குன்னு எழுதுதது பொய்தான. அடுத்த வாரம் ஹாஸ்டலுக்குப் போற பிள்ள இதச் சொமந்துட்டுப் போவ வேண்டாம். அடுப்புல வச்சிரு” என்று அப்பாவிடம் சொன்னாள்.

அக்கா சுவரோரம் உட்கார்ந்து பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். எதையும் மெதுவாகத் தூக்கி மெதுவாக இறக்குவார். என்னைப் பார்த்தார்.

“ஏலே, பேச்சுப் போட்டில கோப்பை வாங்குனவன் நீதான. பேசு பாப்போம். சயின்சுக்கும் சாமிக்கும் பொருந்திச்சின்னா நோட்டு அவ ஹாஸ்டல் பெட்டியில போவட்டும். இல்லன்னா அத்த சொன்ன மாதிரிதான்.”

நாற்காலியைத் திருப்பிப் போட்டு அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நடுவர் அவர்களே என்று அப்பாவை விளித்தேன். எதிர்த்தரப்பில் சித்தப்பா தாமாக வந்து அமர்ந்தார். அவர் சங்கு குளிக்கிறவர். கம்ப்ரசர் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு அந்த ஆழத்தைத் தொழிலாகப் பார்த்தவர்.

“நான் கெடந்துட்டு வார எடம்லே அது. காது ரெண்டையும் ஊசி வச்சுக் குத்தும். கண்ணுக்கு எட்டுன மட்டும் சேறு. ஒரு டீக்கடையக்கூட நான் பாத்ததில்ல.”

நாம் காற்றுக் கடலின் அடியில் நிற்கிறோம், அதன் கனம் நம் தலையில்தான் இருக்கிறது, உள்ளேயும் அதே அழுத்தம் இருப்பதால் நசுங்காமல் நடமாடுகிறோம் என்றேன். அங்கேயே பிறந்தவனுக்கு அங்கே காது வலிக்காது. மேலே வந்தால்தான் வலிக்கும். இருட்டு என்றால், வலையை இழுக்கும்போது தண்ணீர் பச்சையாக மினுங்குவதைச் சித்தப்பாவே சொல்லியிருக்கிறாரே. மூச்சு எப்படி விடுவார்கள் என்று கேட்டார். “நான் பத்து மாசம் தண்ணிக்குள்ளதான கெடந்தேன், அப்ப யாரு வந்து எனக்கு மூச்சு விட்டா?” என்று திருப்பிக் கேட்டேன். அப்பா சிரித்தார். அக்காவும் தலை நிமிர்ந்தாள்.

அடுத்துச் சாமி. வேதத்தில், மீனின் வயிற்றில் மூன்று நாள் ஒருவரை உயிரோடு வைத்திருந்த ஆண்டவருக்கு, மீன்களுக்கு நடுவே ஓர் ஊரை வைத்திருக்க முடியாதா? அவரால் ஆகாதது இல்லை என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிட்டு, பன்னிரண்டு பாகத்தில் மட்டும் ஆகாது என்றால், பாவம் அக்காவுடையதா, அத்தையுடையதா?

“இவன வக்கீலுக்குப் படிக்க வையிண்ணே” என்றார் சித்தப்பா. “நம்ம மாரி மூச்சப் புடிச்சிச் சாவ வேண்டாம்.”

“அவுகளுக்கு ஞானஸ்நானம் யாரு குடுத்தா?” என்றாள் அத்தை.

“அவுக எப்பவும் தண்ணிக்குள்ளதான இருக்காவ அத்தை.”

அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் வென்றுகொண்டிருந்தேன். அந்த இனிப்பு இன்றும் நாக்கில் இருக்கிறது.

பிறகு அவள் நோட்டை மடியில் வைத்து, அதன் ஒரு பக்கத்தைத் தடவிக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டாள்: “இதுல ஒருத்தி வாராளே, இங்கருந்து போனவளுன்னு. அவ உசுரோட போனாளா, செத்துப் போனாளா?”

அந்தக் கேள்வியை அத்தை அக்காவைப் பார்த்துத்தான் கேட்டாள். அக்கா வாயைத் திறந்தாள். அவளை நான் பேச விடவில்லை. அது பொறி என்பது எனக்குப் பட்டுவிட்டது. உயிரோடு போனாள் என்றால் நுரையீரல் உள்ளவள்; விஞ்ஞானம் இடிக்கும். செத்துப் போனாள் என்றால் ஆன்மா போகும் இடங்கள் வகுப்பில் சொல்லியாகிவிட்டது. அவற்றில் கடல் இல்லை. இரண்டு பக்கமும் அடைபட்ட பேச்சாளன் செய்வதைச் செய்தேன்.

“அப்படி ஒருத்தி அங்க கெடையாது. அந்த நாட்டுல இருக்கவுக எல்லாரும் அங்கேயே பொறந்தவுக. செத்தவுக ஒருத்தருகூட இல்ல. அக்கா தப்பா எழுதிட்டா, அடிச்சிருவா.”

சித்தப்பா கைதட்டினார். நோட்டு பெட்டிக்குப் போகலாம் என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். சொல்லிவிட்டு, கழுவிய கையை மறுபடியும் கழுவப் பின்பக்கம் போனார். அக்கா அத்தையிடமிருந்து நோட்டை வாங்கி, என் பேனாவைக் கேட்டாள். அந்தப் பக்கங்களை ஒவ்வொரு வரியாக, அளவுகோல் வைத்து அடித்தாள். கோடு கோணவில்லை. எனக்கு அது வெற்றி ஊர்வலம் போலிருந்தது.

இன்று அதே கேள்வியை எந்த அவையில் கேட்டாலும் என்னிடம் பதில் உண்டு. இறந்தோரும் நாமும் ஒரே குடும்பம் என்று பூசையில் வாராவாரம் ஒப்புக்கொள்கிறோம். அந்தக் குடும்பம் எத்தனை பாகம் தள்ளி இருக்கிறதென்று திருச்சபை எங்கும் அளந்து சொல்லவில்லை. இதைச் சொல்ல எனக்குப் பத்து வருடம் ஆயிற்று. இதைக் கேட்க வேண்டியவள் வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் செவிலியாக இருக்கிறாள். போனில் எல்லாம் பேசுகிறோம். அந்த நாட்டைப் பற்றி அவளும் சொல்வதில்லை, நானும் கேட்டதில்லை. அம்மாவின் குரல் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், எனக்குத் தெரிந்தது அக்காவின் வாயில் வந்த அந்த ஒரு வாக்கியம்தான். அதைப் பசியோடு நினைத்துப் பார்க்கிறேன். எத்தனை முறை நினைத்தாலும் நான் சாப்பிட்டேனா என்பதோடு அது நின்றுவிடுகிறது. மேற்கொண்டு அம்மா என்ன கேட்டிருப்பாள் என்று தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு அக்காவைப் பாளையங்கோட்டைப் பேருந்தில் ஏற்றினோம். அப்பா பெட்டியை மேலே வைத்துவிட்டு இறங்கினார். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹாஸ்டலில் யாராவது நோட்டைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயப்படுகிறாள் என நினைத்தேன். பேருந்து நகர்ந்ததும் கூடவே ஓடி, நிலையம் முழுக்கக் கேட்கும்படி, மேடைக் குரலில் அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்:

“பயப்படாதக்கா. யாரு கேட்டாலும் நான் வந்து பேசுவேன். செத்தவுக ஒருத்தருகூட அங்க இல்லன்னு நிரூபிச்சிருவேன். சத்தியமா.”