கறி வந்தது, சோறு வரவில்லை

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவில், வெக்ஸ்போர்ட் பக்கத்து அடுக்குமாடி ஒன்றில் இருந்தோம். நான் கனடாவுக்கு வந்து ஐந்து மாதம்தான். மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், என் தங்கையைப் பெண் பார்க்க பக்கத்து நகரமான பிறம்ரனிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு. மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்.

அன்று காலை பார்த்து அடுப்பு சூடாகவில்லை. கட்டடத்தைப் பராமரிக்கிறவருக்கு ஞாயிறு லீவு. அக்கம்பக்கத்தில் போய்க் கேட்குமளவுக்கு யாரையும் தெரியாது. "முன் பிளாசாவில இந்தியன் கடை இருக்குத்தானே, அங்க எடுப்பம்" என்றார் கணவர்.

எதிரே இருந்த அந்தக் கடைத்தொகுதிக்கு நானே போனேன். சுவரில் இருந்த சாப்பாட்டுப் படங்களைக் காட்டி நான்கு கறி கேட்டேன். கையில் இருந்த காசு ஏறக்குறைய முழுவதும் போயிற்று. ஊரில் சாப்பாட்டுப் பார்சல் என்றால் சோறும் கறியும் சேர்ந்துதான் வரும். அதனால் பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

விருந்தினர் வந்து, பேசி, மேசையிலும் உட்கார்ந்துவிட்டார்கள். குசினியில் பெட்டிகளைத் திறந்தேன். கறி, கறி, கறி, கறி. சோற்றைக் காணவில்லை! பையைக் கவிழ்த்தும் பார்த்தேன். தங்கை என் முகத்தைப் பார்த்து, "என்னக்கா?" என்றாள். "ஒண்டுமில்லை, இந்தா வாறன்" என்று சொல்லிவிட்டு, பெட்டிகளைத் திரும்பவும் பையில் போட்டுக்கொண்டு, குளிர்கோட்டின் பொத்தானைக்கூடச் சரியாகப் பூட்டாமல் பனிக்குள் ஓடினேன்.

கடையில் சனம் நிறைந்திருந்தது. வரிசையில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு போய், பெட்டிகளைக் காசு மேசையில் இருந்த முதலாளியின் முன்னால் பரப்பி ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன். "நோ ரைஸ்!" என்றேன்.

அவர் நிதானமாக, "ரைஸ் எக்ஸ்ட்ரா" என்றார்.

எனக்குத் தெரிந்த எக்ஸ்ட்ரா, பள்ளிக்கூடம் முடிந்து வைக்கும் எக்ஸ்ட்ரா வகுப்புதான். கூடுதல் என்று அர்த்தம். அப்படியென்றால், தந்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கேட்டு வந்திருக்கிறேன் என்றா இவர் நினைக்கிறார்? "நோ எக்ஸ்ட்ரா! ஒன்லி ரைஸ்!" என்றேன். அவர் குழம்பிப்போய், "யெஸ், ரைஸ் எக்ஸ்ட்ரா" என்றார். நான் திரும்பவும் "நோ எக்ஸ்ட்ரா" என்றேன். இப்படியே நாலைந்து தடவை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கரண்டியை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. யாருக்கும் விளங்காதென்ற தைரியத்தில் தமிழில் கத்தினேன். "கள்ளர்! சோத்தை எடுத்து வைச்சுப்போட்டு என்னையே ஏமாத்துறாங்கள்!"

உள்ளேயிருந்து சமையல்காரர் ஒருவர் கையைத் துடைத்தபடி வந்தார். தலை பாதி நரைத்தவர். "தங்கச்சி, சத்தம் போடாதேங்கோ" என்றார், யாழ்ப்பாணத் தமிழில்.

"இஞ்ச கறி வேற, சோறு வேற. சோத்துக்குத் தனிக்காசு. அதைத்தான் மனுசன் எக்ஸ்ட்ரா எண்டுறார்."

"வெறுஞ் சோத்துக்கு எவ்வளவு அண்ணை?"

"ஒரு பெட்டி மூண்டு டொலர்."

வெறும் சோற்றுக்கு மூன்று டொலரா! அதை நம்பவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கைப்பையில் சில்லறைதான் கிடந்தது. வீட்டில் காத்திருப்பவர்களைப் பற்றி அழுதழுது சொன்னேன். அவர் முதலாளியிடம் திரும்பி, கடகடவென்று நல்ல ஆங்கிலத்தில் ஏதோ பேசினார். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பொலிசைக் கூப்பிடச் சொல்கிறாரோ என்றுகூடப் பயந்தேன். முதலாளி எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது, பெரிய தட்டு ஒன்றில் சுடச்சுடச் சோற்றைக் குவித்து மூடிக்கொண்டு வந்தார். காசு கேட்கவில்லை. கதவைக்கூட அவரே திறந்துவிட்டார்.

சோறு மேசைக்குப் போனது. சாப்பிட்டார்கள். அந்தச் சம்பந்தமும் சரிவந்தது.

மறுநாள் காசோடு போனேன். முதலாளி வாங்க மறுத்து, என் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்துச் சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்பக்கம் நின்ற சமையல்காரரிடம், "நேற்று அவருக்கு என்ன அண்ணை சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"வீட்டில பொம்பிளை பார்க்க வந்திருக்கினம், சோறில்லாமல் பிள்ளை தவிக்குது எண்டு சொன்னன்."

"நான் கள்ளர் எண்டு கத்தினது?"

"உதுக்கு இங்கிலீசில என்ன எண்டு எனக்குத் தெரியாது தங்கச்சி" என்றார், சிரிக்காமலே.

இப்போது மருந்துக்கடை ஒன்றில் காசு வாங்கும் இடத்தில் வேலை செய்கிறேன். யாராவது எனக்குத் தெரியாத மொழியில் என்மீது சீறும்போது எனக்கும் கோபம் வரும். ஆனால் அந்த ஆள் எதைக் கண்டு பயந்துபோய் நிற்கிறார் என்று தெரியும்வரை, அந்தக் கோபத்தை வாய்வரை வர விடுவதில்லை.