கஜனியின் பஸ் நின்ற ஞாயிற்றுக்கிழமை

பஸ் ஓட்டப் போகிறேன் என்று கஜனி சொன்ன அன்று, கணவன் கிருஷாந்துக்குக் குடித்த தேநீர் புரையேறிவிட்டது.

"கார் ஓட்டவே பயப்பிடுற ஆள் நீர். பஸ்ஸோ?"

"பயமெண்டால் மெதுவா ஓட்டுவன். அவ்வளவுதானே."

யாழ்ப்பாணத்திலிருந்து அவனைக் கட்டிக்கொண்டு வந்தவள், பாரிஸ் ஹோட்டல்களில் பல வருடம் படுக்கை விரித்தாள். மத்தியானச் சாப்பாட்டைக் குளியல் தொட்டியின் விளிம்பில் குந்தியிருந்து, மேற்பார்வைக்காரி வருமுன் விழுங்கிவிடுவாள். வீடிருந்த சார்செல்லிலிருந்து வேலைக்குப் போகும் வழியெல்லாம் பஸ் ஓட்டிகளைத்தான் பார்த்துக்கொண்டு போவாள். தனி இருக்கை, பெரிய கண்ணாடி, ஊர் முழுக்கக் கண்ணெதிரே. அந்த இருக்கையில் நான் இருந்தால் என்ன என்று ஒருநாள் தோன்றியது. பரீட்சையில் இரண்டு தரம் கோட்டை விட்டாள். மூன்றாம் தரம் தேறினாள்.

தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் புறப்பட்டு, ஸ்டாலின்கிராட் சதுக்கம் தாண்டி, வடகிழக்குப் புறநகருக்குப் போகும் பஸ் அவளுக்குக் கிடைத்தது. முதல் நாள் புடவைக்கடைக்காரர், மரக்கறிக்கடைக்காரர் எல்லோரும் வாசலில் நின்று கைகாட்டினார்கள். கஜனியும் தேவையில்லாமல் ஒரு தரம் ஹோர்ன் அடித்தாள்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சீக்கியர்களின் வைசாக்கித் திருநாள் ஊர்வலம் அந்நேரம் முடிந்திருக்கும், வழக்கமான வழியிலேயே போகலாம் என்று கட்டுப்பாட்டு அறையில் சொல்லியிருந்தார்கள். ஆனால் ஊர்வலம் தன் பாட்டுக்கு ஆறுதலாக வந்துகொண்டிருந்தது. கஜனி தெருமுனையில் திரும்பி அடுத்த தரிப்பிடத்தில் நிறுத்தியபோது, முன்னால் காவி உடையில் ஐந்து பேர் வெறுங்காலுடன் நடந்து வந்தார்கள். பின்னால் பூவால் மூடிய வண்டி, மேளம், தெரு நிறைந்த தலைப்பாகைகள். முன்னுக்கும் போக முடியாது, பின்னுக்கும் போக முடியாது.

பயணிகள் முணுமுணுத்தார்கள். ஆலீஸ் என்ற வயதான பிரெஞ்சுக்காரி குடையால் தரையைத் தட்டி, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கத்தினாள். கஜனி எட்டி எட்டி ஊர்வலத்தின் முடிவைத் தேடினாள்.

அப்போது யாரோ அவள் பக்க ஜன்னலில் தட்டினார்கள். கையில் பெரிய தட்டோடு ஒரு பருத்த பெண், பெயர் பல்பீர் கவுர் என்று பிறகுதான் தெரிந்தது. தட்டில் சூடான பக்கோடா. கஜனி பிரெஞ்சில், "வேண்டாம், நான் வேலையில் இருக்கிறேன்" என்றாள்.

"வேலை செய்தால் பசிக்காதா?" என்று பல்பீர் உடைந்த பிரெஞ்சில் திருப்பிக் கேட்டாள்.

கஜனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவைத் திறந்தாள். பல்பீர் ஏறினாள், அவள் பின்னால் தேநீர், ஜிலேபி, கடலைக்கறி எல்லாம் ஏறின. ஆலீஸ் முதலில் ஒரு பக்கோடாவை முகர்ந்து பார்த்தாள். பிறகு குடையை மடியில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் எடுத்தாள். ஒருவரையொருவர் ஏறெடுத்தும் பார்க்காமல் வந்தவர்கள் இருக்கைக்கு இருக்கை ஜிலேபியைக் கடத்தினார்கள். கட்டுப்பாட்டு அறையிலிருந்து, "பஸ்ஸில் நிலைமை என்ன?" என்று கேட்டபோது கஜனியின் வாய் நிறையப் பக்கோடா.

"எல்லாரும் நலம். மிகவும் நலம்" என்று எப்படியோ சொன்னாள்.

இறங்கும்போது பல்பீர் அவள் தோளைத் தட்டி, "அடுத்த ஞாயிறு குருத்துவாராவுக்கு வா" என்றாள்.

கஜனி அந்தச் சீக்கியக் கோயிலுக்குக் கிருஷாந்தையும் இழுத்துக்கொண்டு போனாள். வாசலில் அவன் தலையில் செம்மஞ்சள் துணியைக் கட்டிவிட்டார்கள். கண்ணாடியில் பார்த்து, "குறையொண்டுமில்லை, மாப்பிள்ளை மாதிரி இருக்கிறன்" என்றான். உள்ளே எல்லோரும் தரையில் வரிசையாக இருந்தார்கள். ரொட்டி கொண்டுவந்தவரிடம் கஜனி ஒரு கையை நீட்டினாள். அவர் சிரித்தபடி காத்து நின்றார். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து மற்றக் கையையும் சேர்த்து ஏந்தினாள். யார், எங்கே வேலை, என்ன சமயம் என்று ஒருவரும் கேட்கவில்லை. பருப்பு மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. பாதிச் சாப்பாட்டில்தான் கவனித்தாள், தான் அவசரமே இல்லாமல் மென்றுகொண்டிருப்பதை.

"என்னப்பா, கண் கலங்குது?" என்றான் கிருஷாந்த்.

"ஊறுகாய் உறைப்பு" என்றாள்.

அதன்பிறகு விடுமுறை கிடைக்கும் ஞாயிறுகளில் அவளைக் குருத்துவாராவின் சமையற்கூடத்தில்தான் காணலாம். சார்செல்லில் பக்கத்து வீட்டுப் பெண்களையும் கூட்டிப்போனாள். அவள் தேய்க்கும் ரொட்டி ஒன்றும் வட்டமாக வந்ததில்லை. பல்பீர் ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்ட, கூடமே சிரிக்கும்.

ஓகஸ்டில் லாச்சப்பலில் தமிழர் கோயிலின் தேர்த் திருவிழா. பல்பீரைக் கஜனி கூப்பிட்டாள். ஏழெட்டுப் பேரோடு வந்தவள், ஓரமாக நின்று வருவோர் போவோருக்குத் தண்ணீர் கொடுத்தாள். தேர் கடந்து போனதும் தெருவெல்லாம் சிதறு தேங்காய். பல்பீர் சேலைக்கடை வாசலிலிருந்த தும்புத்தடியைக் கேட்காமலே எடுத்துக் கூட்டத் தொடங்கினாள். தெருக் கூட்டுவதும் சீக்கியர்களுக்குத் தொண்டுதான். கூட வந்தவர்களும் குனிந்து சிரட்டைத் துண்டுகளைப் பொறுக்கினார்கள்.

கடைக்காரர் இரத்தினம் பதறி ஓடி வந்தார். "ஐயோ, விருந்தாளியள்! பிள்ளை, நிப்பாட்டச் சொல்லு!"

"சொன்னாலும் கேக்க மாட்டா, அண்ணை. நீங்களும் ஒண்டை எடுங்கோ!"

இரத்தினம் கடைக்குள் போய் இன்னொரு தும்புத்தடியோடு வந்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார். அவரைப் பார்த்துப் பக்கத்துக் கடைக்காரர்களும் இறங்கினார்கள். கிருஷாந்த் குப்பைப் பைகளை விரித்துப் பிடித்தான். பல்பீர் பஞ்சாபியில் ஏதோ பாட, சொல் தெரியாதவர்கள் கை தட்டினார்கள். தேங்காய்த் தண்ணீரில் நனைந்த தெருவின் நடுவில், பட்டுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கஜனி எல்லோருக்கும் முன்னால் தும்புத்தடியால் கூட்டிக்கொண்டு போனாள்.